கண்டக்டருக்குத் திரும்பி வந்த பேச்சு

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவர் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. கூட்டம் பிதுங்கும் வண்டியில் கம்பியில் சாய்ந்தபடி சில்லறை தருவார், சண்டை தீர்ப்பார், தூங்கி வழிகிறவரை இறங்க வேண்டிய இடத்தில் எழுப்பிவிடுவார். வீட்டிலும் நான் என்னதான் வாய்க்கு வாய் பேசினாலும் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். வாய் ஒரு பக்கம் கோணியது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் வலது கையும் காலும் தளர்ந்து, பேச்சும் போய்விட்டது.

மறுநாளே பிசியோதெரபி பெண் வந்து, "அய்யாவ எழுப்பி உக்கார வைக்கலாம்மா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அசையக் கூடாது என்று போர்வையை இறுக்கிச் செருகிப் படுக்க வைத்திருந்தவளே நான்தான்.

"நேத்து விழுந்த மனுசன இன்னிக்கு எழுப்புவியா? உங்கப்பாவா இருந்தா இப்படிச் செய்வியா?"

"எங்கப்பாவா இருந்தா எப்ப எழுப்பலாம்னு நேத்தே டாக்டர அரிச்செடுத்திருப்பேன்" என்றாள், சிரிக்காமல். "அவரு சரின்னுட்டாரு. மூளை புது வழி தேடுற நேரம் இதுதாம்மா. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி செய்யணும்."

உட்கார வைத்து, "எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்து கணீரென்று, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!" என்றார்.

வார்டே திரும்பிப் பார்த்தது. புத்தி பேதலித்துவிட்டது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளுக்கோ முகமெல்லாம் பல். காலமெல்லாம் சொல்லிப் பழகிய வார்த்தைகள் சில சமயம் தப்பித்துக்கொள்ளுமாம். மனசில் நினைப்பதைச் சொல்கிற பேச்சுதான் அடிபட்டிருக்கிறதாம். எனக்கு வேண்டியது அந்தப் பேச்சுதானே! என்னைப் பார்த்து, எனக்கென்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

எதிர்க் கட்டிலில் ஒரு டீச்சர், கல்யாணமாகாத சின்னப் பெண். அந்த வயதிலும் பக்கவாதம் வரும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. இடது கால் இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் யார் சொல்லியும் எழவில்லை. இவர் நடக்கப் பழகும்போது அவள் கட்டிலருகே நின்று, "முன்னாடி எடம் இருக்கு, முன்னாடி வா!" என்று ஒரு அதட்டல் போட்டார். போர்வைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுநாள் எழுந்துவிட்டாள்.

அப்புறம் வராந்தாவில் நடந்ததை என்னவென்று சொல்ல! இவர் "ரைட்" என்றால் அவள் கால் எடுத்து வைப்பாள். "ஹோல்டான்" என்றால் நிற்பாள். அந்தச் சத்தத்துக்கு இவருடைய காலும் கட்டுப்பட்டது. அவளுக்குக் கால் மளமளவென்று தேறியது. இவருக்கு ஆமை வேகம்தான்.

"சின்ன வயசு, சீக்கிரம் புடிச்சுக்குது. அய்யாவும் வருவாரு, நேரமெடுக்கும்" என்றாள் பிசியோதெரபி பெண்.

மரக்கட்டையாகக் கிடந்த கால், தரையை மறுபடி தெரிந்துகொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மலைத்துப் போனேன். நான் பிள்ளை பெற்றபோதுகூட இப்படி ஓர் அதிசயத்தைப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

ஆனால் எனக்கான வார்த்தை மட்டும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் "ரைட்". என் மேல் கோபமா என்றால் "ஹோல்டான்".

ஒரு சாயங்காலம் டீச்சர் தாங்குகட்டையை விட்டுவிட்டு நடந்து பார்த்தாள். நடக்கும்போது பிடித்துக்கொள்ள இவர் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டைச் சரிசெய்ய பிசியோதெரபி பெண் குனிந்த நேரம், டீச்சரின் முழங்கால் மடங்கியது.

"பாப்பா... விழுறா!"

பிசியோதெரபி பெண் பாய்ந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். பிறகுதான் எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"இது பஸ்ல கூவுற வார்த்த இல்லம்மா" என்றாள் பிசியோதெரபி பெண். "அவரே பாத்து, அவரே சொன்னது."

சந்தோஷத்தில் அழ வேண்டியவள், ஆத்திரத்தில் அழுதேன். "ஊரான் வீட்டுப் பொண்ணுக்கு வாய் தொறக்குது. எனக்கு ஒரு வார்த்த வராதா?"

அவர் என்னையே பார்த்தார். உதடுகள் எதையோ தேடின. நெற்றியில் வேர்த்தது. "நீ..." என்றார்.

"நீ... விழ மாட்ட."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.