செல்வாம்பாள் அக்கா போட்ட கம்பு

ரெட்டியார்பாளையத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் செல்வாம்பாள் அக்கா. இட்லி மாவு அரைத்து விற்கிறார். தெருவில் யார் வீட்டில் புது ஃபிரிட்ஜ் இறங்கினாலும் அக்கா திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி என்பதை, மாவு வாங்க வருகிறவர்களிடம் என்னைவிடப் பெருமையாகச் சொல்பவரும் அவர்தான். அவருக்கு வயிறு எரிவது ஒரே ஒரு விஷயத்தில்: பக்கத்து மாடியில் சொர்ணம் வைத்திருக்கும் கத்திரிச்செடி.

சொர்ணத்தின் மகன் புறா வளர்க்கிறான். கூட்டில் விழும் எச்சத்தைச் சொர்ணம் கூட்டி அள்ளி, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்துச் செடிக்கு ஊற்றுகிறார். காய் கொத்துக் கொத்தாக இறங்குகிறது. அக்காவின் பெயிண்ட் வாளிகளிலோ வெறும் இலை. வாரம் தவறாமல் கைப்பிடிச்சுவர் வழியாக ஒரு பை கத்திரிக்காய் வரும். அக்காவின் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி மாமா குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "சொர்ணம் கைராசியே தனி" என்பார். தன் செடிக் காயை மாமா ஒரு நாளாவது அப்படிச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"கொஞ்சம் எரு கேட்டா குடுக்க மாட்டாங்களாக்கா?" என்றேன்.

"அவகிட்ட போய் கையேந்தச் சொல்றியா? படிச்ச புள்ள பேசற பேச்சா இது? புறா என்ன, அவ வூட்டு மேல மட்டுமா பறக்குது?"

மறுநாள் முதல் அக்கா தன் மாடியில் கம்பு இறைத்தார். புறாக்கள் கூட்டமாக வந்து தின்றன. அக்கா முறமும் துடைப்பமுமாகக் காத்திருந்தார். ஒரு கைப்பிடி எச்சம்கூடத் தேறவில்லை. வயிறு நிறைந்ததும் அவை சொர்ணத்தின் கூட்டுக்கே போய் அடைந்தன.

மாசக் கடைசியில் சொர்ணம் வீட்டுக்கே வந்தார். கையில் வழக்கத்தைவிடப் பெரிய பை.

"அக்கா, நீங்க தீனி போடறீங்களாமே. புறாவுங்க கொழுத்துப் போச்சு. கூட்ல அள்ள அள்ள எரு. செடி பாரம் தாங்காம குச்சி நட்டு வச்சிருக்கேன்."

அக்காவின் முகம் சுருங்கியது. பையை வாங்காமல் உள்ளே போனார். சண்டைதான் என்று நினைத்தேன். காலி வாளியோடு திரும்பி வந்தார்.

"சொர்ணம், தின்னது எங்க வூட்டுக் கம்பு. அப்ப எருவுல பாதி என்னுது."

சொர்ணம் சிரித்துவிட்டார். "வந்து அள்ளிக்குங்கக்கா. பச்சையா மட்டும் போட்டுடாதீங்க, செடி வெந்துடும்."

"தெரியும், தெரியும்."

அள்ளும்போதும் சொர்ணத்தின் வாளி தன்னுடையதைவிடப் பெரிதா என்று ஓரக்கண்ணால் அளந்துகொண்டார்.

பொங்கலுக்கு முன்பே அக்காவின் செடியில் காய் இறங்கியது. முதல் குழம்புக்கு என்னையும் உட்காரவைத்தார். மாமா இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார். அக்கா கரண்டியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெண்ணெயாட்டம் இருக்குது," என்றார் மாமா. "சொர்ணம் கைராசியே தனி."

அக்கா குழம்புச் சட்டியை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீ போட்டுக்கப்பா. அவுரு சொர்ணம் வூட்ல போய்ச் சாப்புட்டுக்குவாரு."