மெக்கானிக்கிடம் சொல்லாதது

ஆஸ்பத்திரியில் அவருக்கு ரெட்டை நாக்கு என்று பெயர். வைத்தவர் தலைமை நர்ஸ். டாக்டர் பேசுவது நோயாளிக்குப் புரியாது, நோயாளி முனகுவது டாக்டருக்குப் புரியாது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கப் பேச்சை அந்தப் பக்கம் கடத்துவதுதான் மொழிபெயர்ப்பாளரான அவர் பிழைப்பு. வேலை தேடி வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர், அவரைத் தேடும் ஆளுக்குப் பஞ்சமில்லை. வேலையில் சேரும்போது சொல்லிக்கொடுத்த விதி ஒன்றே ஒன்று: கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

பஸ் டிப்போ மெக்கானிக் ஒருவருக்காக அதை மீறினார்.

மெக்கானிக் வயிற்றுவலி என்று வந்து படுத்தவர். பெரிய மீசை, எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கிரீஸ். ஸ்கேன் முடிவு வந்த அன்று அவருடைய மகன்கள் இருவரும் மொழிபெயர்ப்பாளரை லிஃப்ட் வாசலில் மடக்கினார்கள்.

"அண்ணே, கேன்சர்ங்கிற வார்த்தை அப்பா காதுல விழக்கூடாது. எங்க வீட்டுல சொல்ற வழக்கமில்ல. சொன்னா அன்னைக்கே பாதி செத்துடுவாரு."

"டாக்டர் சொல்லிடுவாரே தம்பி."

"டாக்டர் சொல்றது அப்பாவுக்கு எங்க புரியப்போகுது? நீங்க சொல்றதுதானே."

டீ குடிக்கப் போன இடத்தில் தலைமை நர்ஸிடம் விஷயத்தைப் போட்டார்.

"வீட்டுக்கு ஒரு நியாயம் இருக்கும் சிஸ்டர். இப்படித்தான் சாகணும்னு பாடம் நடத்த நாம யாரு?"

"உடம்பு யாரோடது? அவரோடதா, வீட்டோடதா? இதுக்கு எந்த ஊர்லயும் ஒரே பதில்தான்."

"எங்க ஆளுங்ககிட்ட உடம்பும் வீட்டுச் சொத்துதான்."

"அப்ப வலியையும் பங்கு போட்டுக்கச் சொல்லுங்க, ரெட்டை நாக்கு."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பதில் தோன்றவில்லை என்பதால் தன் கட்சி தப்பாகிவிடாது என்று நினைத்துக்கொண்டார். வாதத்தில் தோற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து, நிதானமாக, நிறையப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் மெக்கானிக்கின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வயித்துல புண்ணாம். கொஞ்சம் பெரிய புண்ணு. மருந்துல பாத்துக்கலாமாம்."

"அவ்வளவு நேரம் பேசினாரு. இவ்வளவுதானா?"

"டாக்டருங்க சுத்தி வளைச்சுப் பேசுவாங்க."

மெக்கானிக் அவரையே பார்த்தார். பிறகு, "நீ சொன்னா சரிப்பா" என்றார்.

அதன்பின் அவர் பக்கத்தில் போய் உட்காரும்போதெல்லாம் மெக்கானிக் தன் தம்பியைப் பற்றிப் பேசினார். ஏதோ ஒரு சண்டை, வருஷக்கணக்காகப் பேச்சில்லை. "எழுந்து நடமாடினதும் நேர்ல போயிடணும். போன்ல பேசுற விஷயமில்ல இது." இப்பவே கூப்பிட்டுடுங்களேன் என்ற சொல் மொழிபெயர்ப்பாளரின் தொண்டைவரை வரும், திரும்பிவிடும்.

மெக்கானிக் எழுந்து நடமாடவில்லை. எல்லாம் முடிந்தபிறகு, தோளில் பையோடு அதே மீசை வைத்த ஒருவர் வார்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"உங்களப் பாக்க வரணும்னு சொல்லிட்டே இருந்தாரு."

"நாள் இல்லைன்னு தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பாரு" என்றார் தம்பி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பாளருக்கு ஒவ்வொன்றாக நின்றுபோனது. முதலில் சாப்பாட்டில் ருசி போயிற்று, பிறகு தூக்கம். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதைப் பார்த்தபடி நிற்பார். இறங்கவேண்டிய நிறுத்தம் கண்ணெதிரே கடந்துபோகும், எழுந்திருக்கத் தோன்றாது. கடைசியில் வேலையிலும் வந்துவிட்டது. டாக்டர் பேசி முடித்துக் காத்திருக்க, நோயாளி வாயைப் பார்த்திருக்க, நடுவில் அவர் கல்லாக உட்கார்ந்திருந்தார். லீவு கொடுத்து அனுப்பினார்கள்.

மருந்துக்கடையில் கல்லாவில் உட்காரும் அவர் மனைவி, கேட்டவர்களிடமெல்லாம் "தொண்டைக்கு ரெஸ்ட்" என்று சொல்லி வைத்தாள். அண்ணன் மட்டும் மோப்பம் பிடித்துவிட்டுப் போனில் சிரித்தார். "மனசுக்கு நோயாடா? நம்ம வம்சத்துலயே கிடையாது. நாலு நாள் வேலைக்குப் போ, தானா ஓடிரும்." வீட்டுக்கு ஒரு நியாயம். இது அவருடைய வீட்டு நியாயம்.

மனைவிதான் பிடிவாதமாக மனநல டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவர் இவர்கள் பாஷை பேசுபவர், நடுவில் ஆள் வேண்டியிருக்கவில்லை. பரிசோதித்துவிட்டு அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவின் கொண்டி சரியில்லை, ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றது.

"டிப்ரெஷன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர். தாங்கமாட்டாரு. சத்துக் குறைவுன்னு நான் சொல்லிக்கிறேன்."

வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லையாம். சத்து கம்மியாம். மாத்திரை குடுத்திருக்காரு."

அவள் கண் அவருடைய சட்டைப் பொத்தானில் இருந்தது.

பொய் சொல்பவர் முகம் எதிரே இருப்பவருக்கு இவ்வளவு பளிச்சென்று தெரியும் என்பது அவருக்கு இதுவரை தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. தம்பியைக் கூப்பிட்டிருந்தால், அப்பாவுக்கு விஷயம் தெரியும் என்பது மகன்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். அதனால்தான் மனுஷன் கூப்பிடவில்லை. அவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள், அவர் அவர்களைக் காப்பாற்றினார், அத்தனை பேரையும் காப்பாற்ற நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"கதவு சரியா மூடல" என்றார்.

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "தாங்குவீங்களா?"

"தெரியல. நீ சொல்லு."

சொன்னாள், டாக்டர் சொன்னது அத்தனையும். எத்தனை மாதம் மாத்திரை, திரும்பவும் வரலாம் என்பது, தனியாக விடவேண்டாம் என்றது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டு முடித்தபோது நெஞ்சில் பாரம் ஒரு துளியும் இறங்கவில்லை. இறங்கும் என்று எதை நம்பிக் கேட்டோம் என்றுகூட அவருக்குப் புரியவில்லை.

"அண்ணன் கேட்டா என்ன சொல்லுவ?"

"தொண்டைக்கு ரெஸ்ட்னுதான்" என்றாள்.

அவர் தலையாட்டினார்.