சிவநேசன் ஓட்டும் விமானம்

ரொட்டி சானாயை நீளவாக்கில் மடித்து, அதன்மேல் ஒரு கரண்டியைக் குறுக்கே வைக்கிறார் சிவநேசன். விமானம் தயார். பக்கத்து மேசையில் கோயம்புத்தூரிலிருந்து கடல் கடந்து வந்த சுற்றுப்பயணிகள். உதட்டைக் குவித்து 'ப்ர்ர்ர்' என்று இஞ்சினைக் கிளப்புகிறார். அவர்கள் தேநீரைக் கையால் மூடிக்கொள்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் காலை ஒன்பது மணிக்கு முஸ்தஃபா கடையில் உட்காருகிற யாரும் இந்த விபத்திலிருந்து தப்பியதில்லை.

தொண்ணூறு வருடங்களுக்கு முன், வெள்ளைக்காரர்கள் கிளப் வைத்துப் பொழுதுபோக்காகப் பறந்த காலம். பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் மேலே கிளம்பிய சிறு விமானம் ஒன்று தென்னந்தோப்பில் விழுந்தது. ஓட்டிய துரையும் கூடப் போன தமிழ்த் தொழிலாளியும் செத்தார்கள். சிவநேசனின் தாத்தா கோவிந்தன் அந்தக் கிளப்பில் எடுபிடி வேலை பார்த்தவர். இவ்வளவுதான் உண்மை. மீதி பேரனின் சொந்தத் தயாரிப்பு.

"எங்க தாத்தா காத வச்சுக் கேட்டாரு. தொர, சத்தம் சரியில்ல, போகாதீங்கன்னாரு. தொர கேக்கல. அங்கமுத்துன்னு ஒருத்தன் சம்சு சாராயம் போட்டுட்டு ஏறிக்கிட்டான். மேல போயி கம்பியப் புடிச்சு இழுத்துட்டான். அவ்ளோதான்லா."

"போன வாரம் தொர கழுத்தப் புடிச்சான்னீங்க அண்ணே," என்பார் முஸ்தஃபா, தேநீரை ஆற்றிக்கொண்டே.

"ரெண்டும்தான்லா."

சிவநேசன் மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். கறுப்புக் கண்ணாடி, தோளில் பித்தளைப் பொத்தான் தைத்த வெள்ளைச் சட்டை. விமானத்தில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. கோலாலம்பூருக்குப் பேருந்துதான். கேட்டால், "வெசயம் தெரிஞ்சவன் ஏற மாட்டான் தம்பி" என்பார்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. எங்கள் சங்கத்தின் வரலாற்றுக் கண்காட்சிக்கு இவரைத்தான் நிபுணராகப் பிடித்தோம். குழுவில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அங்கே விபத்தைப் பற்றி வைக்கவிருந்த பலகைக்கு அவர் எழுதித் தந்தது இது: 'கோவிந்தனின் எச்சரிக்கையை மீறி, குடிபோதையில் இருந்த ஒரு கூலியாளோடு விமானம் புறப்பட்டது.' திங்கட்கிழமை அச்சுக்குப் போகவிருந்தது.

சனிக்கிழமை நானும் குழுத் தலைவர் தயாளனும் அவரோடு முஸ்தஃபா கடையில் இருந்தபோது லோகேஸ்வரி வந்தார். ஜுருவில் கார் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அங்கமுத்து அவருடைய கொள்ளுத்தாத்தா.

"எங்கம்மா சாகுற வரைக்கும் குடிகாரன் பேத்தின்னு கேட்டுட்டே போனாங்கண்ணே. எல்லாம் உங்க வீட்டுல கெளப்பிவிட்ட கதை. இப்ப அதப் பலகையிலயும் எழுதிவச்சா எம்புள்ளைங்களும் கேக்கணும்."

ரொட்டி விமானத்தைத் தள்ளிவிட்டு ஒரு தாளை வைத்தார். மரண விசாரணைப் பதிவின் நகல். ஆவணக் காப்பகத்தில் மூன்று மாதம் தேடி எடுத்ததாம்.

"பழைய பேப்பரு என்னாத்த சொல்லப் போவுது?" என்று சிவநேசன் இளக்காரமாக எடுத்தார். பாதியில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நான் அவர் தோளுக்கு மேலாகப் படித்தேன். அங்கமுத்து குடித்திருக்கவில்லை. விமானம் சமநிலையில் இருக்க முன் இருக்கையில் எடை வேண்டும் என்று, மணல் மூட்டை கிடைக்காததால் அவரை ஏற்றியிருக்கிறார்கள். இஞ்சின் நின்றதற்குக் காரணம் பெட்ரோலில் இருந்த தண்ணீர். மெல்லிய தோலில் வடிகட்டித்தான் தொட்டியில் ஊற்ற வேண்டுமாம், அன்று வடிகட்டவில்லை. 'அவசரத்தில் அப்படியே ஊற்றியவன் நான்தான்' என்று கோவிந்தன் ஒப்புக்கொண்டிருந்தார். அதுதான் தாளின் கடைசி வரி.

இத்தனை வருடக் காலைகளில் இந்த மனிதருக்கு நாங்களும் சிரித்துச் சிரித்துத் தாளம் போட்டிருக்கிறோம்.

சிவநேசன் என்னிடம் பேனா கேட்டார். பலகை வாசகத்தில் 'குடிபோதையில் இருந்த ஒரு கூலியாளோடு' என்பதை அடித்து, 'அங்கமுத்துவோடு' என்று எழுதினார். 'கோவிந்தனின் எச்சரிக்கையை மீறி' என்பதை அவர் தொடவில்லை.

"போதுமா தங்கச்சி?"

"கடைசி வரிய அவருக்கும் காட்டுங்கண்ணே," என்றார் லோகேஸ்வரி, தயாளனைப் பார்த்து.

சிவநேசன் நகலை எடுத்துத் தயாளன் பக்கம் நீட்டினார். அவருடைய கட்டைவிரல் கடைசி வரியின் மேல் இருந்தது. தயாளன் தாளைப் பிடித்து இழுத்தார். விரல் இன்னும் அழுத்தியது.