கழிக்காத கடன்

அன்று ஜெராக்ஸ் கடையில் இருந்தவர்கள்: நான். என் சம்சாரம். கடைக்கார அம்மா. சனிக்கிழமை வசூலுக்கு வருகிற பைனான்ஸ்காரர். அவ்வளவுதான்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பழைய மிஷினை வைத்துக்கொண்டு பம்பு சாமான் கடைந்து கொடுக்கிறேன். புது மிஷின் வாங்கப் பத்து லட்சம் வேண்டும். பேங்கில் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். போனில் வந்த ஒரு கடன் விளம்பரத்தில் விவரம் கொடுத்து வைத்தேன். நாலாம் நாள் வெளிநாட்டு பேங்க் ஒன்றிலிருந்து மெயில் வந்தது. கடன் பாஸ் ஆகிவிட்டதாம். இன்சூரன்சுக்கு முப்பத்தெட்டாயிரம் கட்டினால் மறுநாள் பணம் ஏறிவிடுமாம்.

எனக்கு இங்கிலீஷ் வராது. பட்டறைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை அம்மாதான் படித்துச் சொல்வார். அன்றைக்குப் பிரிண்டும் எடுத்துக் கொடுத்தார். மேலே முத்திரை, கீழே கையெழுத்து. நம்பிவிட்டேன். சம்சாரம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். அடுத்து அடகுக்கடைக்குப் போவதாக இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் பைனான்ஸ்காரர் ஜெராக்ஸ் கடைத் தவணைக்கு வந்தார். எனக்கும் அவரிடம் கடன் உண்டு. அவரைப் பார்த்தால் முகம் கொடுக்க மாட்டேன். கைக்குட்டையைப் பார்த்துவிட்டு என்ன சங்கதி என்று கேட்டார். கடைக்கார அம்மா சொல்லிவிட்டார்.

"ஏனுங்ணா, நாங்க லட்ச ரூபாய் குடுத்தப்போ உங்ககிட்ட முன்னாடி ஏதாச்சும் வாங்குனமுங்களா?"

"எங்கீங்க. பன்னண்டாயிரத்தக் கழிச்சுப்போட்டு எம்பத்தெட்டுதான குடுத்தீங்க."

"அதத்தானுங்க சொல்றேன். எடுக்கறதக் கைல குடுக்கறப்பவே கழிச்சுக்குவோம். இவுங்களும் பத்து லட்சத்துல கழிச்சுக்கட்டுமே."

என் சம்சாரம் விடவில்லை. "இந்தப் பணம் வந்து உங்க கடன் அடஞ்சு போச்சுன்னா சனிக்கெழம உங்களுக்கு வேல இருக்காதுங்க. அதான் சொல்றீங்க."

"அதும் நெசந்தானுங்க்கா," என்று சிரித்தார். "எதுக்கும் ஒரு வரி எழுதிக் கேட்டுப் பாருங்க."

கடைக்கார அம்மா எழுதினார். முப்பத்தெட்டாயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள் என்று. சீக்கிரமே பதில் வந்தது. கழிக்க விதி இல்லை, சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் பைலை மூடிவிடுவோம் என்று படித்தார்.

எனக்கு இன்னும் ஆசை விடவில்லை. பைலை மூடிவிடுவார்களே என்றுதான் பயந்தேன். இன்றைக்கு அவ்வளவு முடியாது என்று எழுதச் சொன்னேன். உடனே வந்தது. பாதி கட்டினாலும் போதுமாம்.

பைனான்ஸ்காரர் மெதுவாகச் சொன்னார்.

"நான் ஒரு தவணைல பத்து ரூபாய் கொறச்சதில்லைங்க்ணா. பேங்க்காரன் பாதியக் கொறைக்கறான்."

கடைக்கார அம்மா மெயிலை மறுபடி படித்தார். பணம் கட்டச் சொன்ன கணக்கு பேங்க் பேரில் இல்லை. யாரோ ஒரு ஆள் பேரில் இருந்தது. மெயில் வந்த விலாசமும் பேங்க் பேரில் இல்லை, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தொடங்கிக்கொள்கிற சாதாரண விலாசம்தான். முன்னமே பார்த்திருக்க வேண்டும் என்று அவர் வருத்தப்பட்டார். படித்துச் சொல்லத்தான் கேட்டேன், பார்த்துச் சொல்லக் கேட்கவில்லை என்றேன். பிரிண்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சம்சாரம் முடிச்சை அவிழ்த்தாள். கொக்கி மாட்ட வரவில்லை. கடைக்கார அம்மா எழுந்து வந்து மாட்டிவிட்டார். பைனான்ஸ்காரருக்கு டீ சொன்னேன். குடித்துவிட்டு, என் தவணையையும் குறைக்காமல் வாங்கிக்கொண்டு போனார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பழைய மிஷின்தான் இன்னும் ஓடுகிறது. சனிக்கிழமை அவர் வந்தால் இப்போது நாற்காலி எடுத்துப் போடுகிறேன். அவருக்கும் கடைக்கார அம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எழுதியாவது வைப்போம் என்றுதான் இது.

சங்கிலி அவள் கழுத்தில் இருக்கிறது. நாலே கால் பவுன்.