தொட்டியில் பால் ஊற்றத் தடை

வேதியியல் துறைத் தலைவராக ஓய்வு பெற்று, பெரும்பாறைக்கு மேலே எங்கள் குடும்பத்து ஆரஞ்சுத் தோட்டத்திற்குத் திரும்பிய என்னை, ஊராட்சியார் வீடு தேடி வந்து குடிநீர்க் குழுவின் தலைவராக்கினார்கள். நானாக அதைக் கேட்டுப் பெறவில்லை. அதுவரை அந்த ஊரில் என் சொல்லை எவரும் மறுத்ததுமில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பங்குனி உத்திரத்தன்று முருகனுக்கு அபிஷேகம் செய்த பாலைக் குடத்தில் பிடித்துக் குடிநீர்த் தொட்டியில் ஊற்றுவார்கள். கோயிலுக்கு நடந்து வர இயலாதவர் வீட்டுக்கும் குழாய் வழியே தீர்த்தம் சேர வேண்டும் என்பது எண்ணம். ஆனால் பால் கலந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். கிருமியைக் கொல்ல மிஞ்சாது. பொதுக் குடிநீரில் சுத்திகரிப்புக்கு உரிய மருந்தைத் தவிர வேறெதையும் சேர்க்கலாகாது என்பது விதி. அந்த ஒரு வரியை எழுதிக் கையொப்பமிட்டுத் தொட்டியின் அடியில் ஒட்டச் செய்தேன்.

தொட்டிக்கு நீரேற்றும் ஊழியர் மறுநாளே வந்தார். அவர் மகள் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்த சமயம்.

"ஐயா, நீங்களே கோயிலுக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லிருங்க. தொட்டியில ஊத்தாம ஆளுக்கு ஒரு கரண்டி பால் கையில குடுத்துருவோம்னா கேட்டுக்கிருவாங்க."

"சட்டத்தை வைத்துக்கொண்டு நான் போய்க் கெஞ்ச வேண்டுமா?" என்றேன்.

அவருடைய யோசனை சரியானது. அன்று அதை நான் ஏற்கவில்லை.

உத்திரத்தன்று பால்குடத்தோடு திரும்பிய பெண்கள் என் வாசலைக் கடக்கையில் ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "சாமி குளிச்ச பாலு ஆகாதாம்டி, பிளீச்சிங் பவுடரு ஆகுமாம்! வாத்தியாரு வீட்டுக் காப்பிக்கும் அதத்தான் கலக்குறாகளான்னு கேளு!" எல்லோரும் சிரித்தார்கள். திண்ணையில் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை நான் மடிக்கவில்லை.

சாமி பால் சேராத தண்ணீர் என்று, அன்றிலிருந்து ஊரார் குழாய்த் தண்ணீரைத் துணி துவைக்க மட்டும் பிடித்தார்கள். குடிக்க ஓடைக்குப் போனார்கள். மேலே இருக்கும் குடியிருப்புகளின் கழிவெல்லாம் கலக்கும் ஓடை. கோடையில் அது கணுக்காலளவுகூட ஓடாது.

ஊழியர் மறுபடி வந்தார். "எங்க வீட்டுலயே குடிக்க மாட்டேங்கறாகங்க. ஊரே தொடாதத நாம மட்டும் குடிச்சா ஒதுக்கிருவாகங்குது எம் பொண்டாட்டி. புள்ளத்தாச்சிப் பொண்ணு, பயமாக் கெடக்கு. வெரசா ஒரு வழி பண்ணுங்க."

"நோட்டீசைப் படித்துக் காட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

சித்திரையில் மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த வீடுகள் பல. பெரும்பாலோர் எழுந்துவிட்டார்கள். நிறைமாதக்காரி எழவில்லை. ஜீப்பில் திண்டுக்கல் கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் தங்கவில்லை. நான் துக்கம் கேட்கப் போனபோது ஊழியர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மறுவருடம் தொட்டியில் மீண்டும் பால் ஊற்றினார்கள். இன்றும் ஊற்றுகிறார்கள். குழுவில் நான் இல்லை. விதி மாறவில்லை, அதைக் கேட்பார் எவருமில்லை.

அந்தக் கோடையில் என் வீட்டார் மட்டும் வத்தலக்குண்டிலிருந்து கேன் தண்ணீர் வரவழைத்துக் குடித்ததாக ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையன்று. நாங்கள் தொட்டித் தண்ணீரைத்தான் குடித்தோம்.