ஆற்றுக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்து

சட்ட மேற்படிப்பில் ஒரே ஒரு தாள்தான் எனக்கு பாக்கி. இங்கிலாந்து வணிகச் சட்டத்தையும் அமெரிக்க வணிகச் சட்டத்தையும் ஒப்பிட்டு எழுத வேண்டிய தாள் அது. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் போயிற்று. ஒவ்வொரு முறையும் அமெரிக்காவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இங்கிலாந்து வருகிற இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தேன். ஒப்பிடச் சொன்னால் ஒன்றை மட்டும் எழுதுகிற பைத்தியத்துக்கு யார் மார்க் போடுவார்கள்? தெரிந்துதான் செய்தேன். இங்கிலாந்து எனக்குக் கூடப் படித்த ஒருவர் குரலில்தான் தெரியும். அதைப் புத்தகத்தில் படிக்க எனக்கு மனசு வரவில்லை.

காஞ்சிபுரத்தில் வாரக் கடைசியில் நடந்த வகுப்பு. அந்தத் தாளை எடுத்தவர்கள் நானும் அவருமாக இரண்டே பேர். நடத்த வேண்டியவர் மாதத்துக்கு ஒரு நாள் தலையைக் காட்டினால் அதிகம். அதனால் நாங்களே பிரித்துக்கொண்டோம். இங்கிலாந்தை அவர் படித்து எனக்குச் சொல்வது, அமெரிக்காவை நான் படித்து அவருக்குச் சொல்வது. வகுப்பறை, எங்கள் பக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போய் வருகிற உத்திரமேரூர் பஸ். பெண்கள் பக்கத்து வழியோர இருக்கையில் நான், எதிர்ப்பக்க ஓரத்தில் அவர். நடுவில் டிக்கெட் கிழித்துக்கொண்டு போகிற கண்டக்டர், "இன்னா சார், லண்டன்ல இன்னிக்கு இன்னா தகராறு?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

பாலாற்றுப் பாலம் வரை இங்கிலாந்து, பாலம் தாண்டினால் அமெரிக்கா என்று முதல் நாள் பேசிக்கொண்டோம். இரண்டாம் வாரம்தான் எனக்கு உறைத்தது. பாலத்துக்கு வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆகிறது. தாண்டி ஓரிக்கை ஊரைக் கடப்பதற்குள் காஞ்சிபுரம் வந்துவிடுகிறது.

"ஏமாத்திட்டீங்க" என்றேன்.

"பாலம் எங்க கீதுன்னு உனக்குத் தெரியாதா? பேரம் பேசறப்ப நேர்மையா இருக்கணும்னு எங்க நாட்டுல சட்டம் இல்ல" என்றார்.

எங்க நாடாம். "எங்க நாட்டுல ஒப்பந்தம் போட்டா அத நல்லெண்ணத்தோட நடத்தணும். மரியாதையா திரும்பி வர்றப்ப முழுசும் அமெரிக்கா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதும் அந்தப் பாலத்தில் பஸ் ஏறும்போது, என் முறை வந்துவிட்டது என்று வாய் தயாராகிவிடுகிறது. எதிர் ஓரத்தில் யாரோ ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயை மூடிக்கொள்வேன். ஆறு வருஷமாக இப்படித்தான்.

அவர் ஊர்த்தெருவில் பிறந்தவர், கழனி காணி உள்ள குடும்பம். நான் பக்கத்து ஊர்க் காலனி. எங்கள் நைனா அவர்கள் தெருக்காரர்களின் கழனியில் அண்டை வெட்டி, நாற்று பறித்து என்னைப் படிக்க வைத்தார். அவர் என்னை நீ என்பார், நான் நீங்க என்பேன். சட்டச் சண்டை முற்றினால் மட்டும் எனக்கும் 'நீ' வந்துவிடும். அவர் கவனிக்காததுபோல இருப்பார்.

ஒரு நாள் திரும்பி வரும்போது வாக்கைப் பற்றிப் பாடம் எடுத்தேன். "ஒருத்தர் பக்கத்துக் கழனிக்காரர்கிட்ட, நீ நாத்து விடு, என் மோட்டார்லேர்ந்து தண்ணி விடறேன்னு சொல்றார். பதிலுக்கு இவரு ஒண்ணும் குடுக்கல. நம்பி நாத்து விட்டுட்டார். அப்பறம் அவரு மோட்டார நிறுத்திட்டா?" அமெரிக்காவில் நம்பிக் கெட்டவர் அந்த வாக்கை வைத்தே வழக்குப் போடலாம் என்றேன். இங்கிலாந்தில் முடியாது என்றார் அவர். பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் கொடுத்த வாக்கு அங்கே வழக்கைத் தடுக்கிற கேடயம்தான், வழக்குப் போடுகிற கத்தி இல்லை.

"கஞ்சப் பசங்க" என்றேன்.

"கேடயமும் ஒண்ணும் லேசு இல்ல" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் உத்திரமேரூர் வந்துவிட்டது.

படிப்பு முடிகிற சமயத்தில் அவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிட்டுப் போக வருகிறேன் என்றார். வந்தபோது கூடவே அவருடைய அம்மாவும் வந்தார். நைனாவுக்குக் கை கால் ஓடவில்லை. ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்துக்கூட நாங்கள் பார்த்ததில்லை. அந்த அம்மா நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னா கொயம்பு வெச்சிக்கினு கீற?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா இல்லாத வீடு, சமையல் என்னுடையதுதான். கத்தரிக்காய் காராமணிக் குழம்பு. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அந்த அம்மா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டிலேயே கை கழுவினார். கல்யாணப் பேச்சு ஒன்றுகூட இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் சம்மதம் இல்லாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அவர்கள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துவிட்டு நைனா உள்ளே வந்து, "கை நனைச்சிட்டாங்கமா" என்றார். "அடுத்து நாம மாப்ள வூடு பாக்கப் போவணும். கூப்புட ஆள் அனுப்புவாங்க."

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவர், "அங்க போயி ஒரு நெலைக்கு வந்ததும், நம்ம விஷயம்..." என்று இழுத்தார். நான் குறுக்கே புகுந்தேன். "நான் உங்கள எதுவும் கேக்க மாட்டேன். நிம்மதியா போய்ட்டு வாங்க." காலனிப் பெண் அவரை வளைத்துப் பிடித்துக்கொண்டாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்கிற ரோஷம். அந்த ரோஷத்தை அன்றைக்குப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆள் வரவில்லை. முதல் வருஷம் வாரம் ஒரு முறை போன் வரும். அங்கே கோர்ட் எப்படி, மழை எப்படி என்று பேசுவார். பிறகு மாதம் ஒன்று, பிறகு பொங்கலுக்கு ஒன்று. அவரும் அதைப் பேசவில்லை, கேட்க மாட்டேன் என்றவள் நானும் கேட்கவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. லண்டன் முகவரி எதிலாவது வந்தால் அந்தத் தெரு அவர் நடக்கிற தெருவாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் வேண்டும் எனக்கு. அவ்வளவுதான் விஷயம். வேறு வரன்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தேன்.

இந்த வருஷத்தோடு அந்தத் தாளை எழுதக் கெடு முடிகிறது என்று கடிதம் வந்தது. வேறு வழியில்லாமல் இங்கிலாந்துப் பகுதியைத் திறந்தேன். அன்று பஸ்ஸில் அவர் முடிக்காமல் விட்ட இடம் அதில் இருந்தது. எனக்குள்ள உரிமையை நான் கேட்க மாட்டேன் என்று ஒருவர் வாக்குக் கொடுத்து, மற்றவர் அதை நம்பி நடந்துவிட்டால், கொடுத்தவர் திடீரென்று பின்வாங்க முடியாது. அதுதான் கேடயம். ஆறு வருஷமாக அவர் எனக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று தேடிக்கொண்டிருந்தவள் நான். அவர் ஒன்றுமே கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தது நான்தான்.

அடுத்த பத்தியில் ஒரு வழியும் இருந்தது. போதிய அவகாசத்தோடு முன்னறிவிப்புக் கொடுத்தால், விட்ட உரிமையைப் பெரும்பாலும் திரும்பக் கேட்கலாம். சிரித்துவிட்டேன். பிறகு மணியைப் பார்த்தேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நம் மத்தியானம், அவருக்குக் காலை. போன் போட்டேன்.

"எதுவும் கேக்க மாட்டேன்னு சொன்னேன் இல்ல, இப்ப கேக்கறேன். நம்ம விஷயம்னு ஆரம்பிச்சீங்களே, அது இன்னா?"

மெதுவாகச் சொன்னார். "அம்மா ஒரு வருஷம் வாசலப் பாத்துக்கினே இருந்தாங்க. நாங்கதான் வந்து சாப்ட்டமே. வூடு பாக்க உங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தரும் வரலியே. பேசாம இருந்தா சம்மதம்னு ரெண்டு நாட்டுலயும் எடுத்துக்க முடியாதேன்னு நானும் விட்டுட்டேன். உங்க வூட்லதான் இஷ்டம் இல்லன்னு நெனச்சோம்."

திறந்திருந்த புத்தகத்தை மூடினேன்.

"போன புதன்கெழம அம்மா செங்கல்பட்டு பக்கம் ஒரு வூட்ல கை நனைச்சிட்டாங்க. அவங்க மறுநாளே வூடு பாக்க வந்துட்டாங்க" என்றார். அவர் அழுகிறார் என்று தெரிந்தது. நான்தான் போனை வைத்தேன்.

நைனா வெளியே வேப்பமரத்தடியில் வாழை நாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். போனில் யார் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த நாரைக் கீழே வைத்தார்.

"கூப்புடாம நான் எப்பிடிமா அந்தத் தெருவுக்குள்ள போவேன்?"

போயிருக்கலாமே நைனா என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தத் தெரு எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. நானும் ஒரு நாள்கூட அதற்குள் நடந்ததில்லை.