மேலே ஒன்று அதிகம், கீழே இரண்டு குறை

கச்சேரி ரோட்டில் கடை போட்டுப் பல் பிடுங்கிவந்த மெஹபூப் பாஷாவுக்கு மனித வாயைக் கண்டாலே குமட்டும். இருபது வருஷமாக அந்தக் குமட்டலில்தான் குடும்பம் சாப்பிட்டது. காதில் அத்தர் பஞ்சு. ஒவ்வொரு வாய்க்கும் பிறகு மூன்று தடவை கார்பாலிக் சோப்பு. மனைவி அன்வரி பேகம் கொட்டாவி விட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

1934இல் ஒரு காலை, சாந்தோம் குப்பத்து வேலம்மா ஒன்பது வயது மகள் முத்தம்மாவை இழுத்துவந்தாள். கூடவே அண்ணன் துரைராஜ், கன்னம் நிறைய வெற்றிலை புகையிலையோடு. புருஷனைக் கடல் கொண்டுபோனபின் வேலம்மாவுக்கு அண்ணன் வீடுதான் வீடு.

"மேல பல்லு ஒண்ணு ஜாஸ்தியா மொளைச்சிக்கீது பாய். தாய்மாமன் உசிருக்கு ஆவாதாம். புடுங்கலேன்னா வூட்ட வுட்டு வெளிய போங்குறாரு."

பாஷா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். மேலே முன்பற்களுக்கு நடுவில் கூம்பாக ஒரு குட்டிப் பல், அதைச் சுற்றி மஞ்சள் பாசி, நேற்றைய மீன். கீழே பால்பற்கள் இரண்டு விழுந்த இடத்தில் இன்னும் எதுவும் முளைக்காமல் வெறும் ஈறு.

"புடுங்கி அப்படியே கீழ நட்டுடேன் பாய்."

"நடறதுக்கு இது இன்னாம்மா, முருங்கைக் கொம்பா? ஒட்டிக்கினு கீது. இழுத்தா பக்கத்துப் பல்லு ரெண்டும் கூட வரும்."

"வரட்டுமே! என் உசிரு பெரிசா, அது பல்லு பெரிசா?" துரைராஜ் கத்தியதில் பாஷாவின் வெள்ளை ஜிப்பாவெங்கும் சிவப்புத் தூறல்.

அருவருப்போடு நிமிர்ந்தவர் அந்த வாய்க்குள் எதையோ கண்டுவிட்டார். ஆயுளில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே ஒரு வாயில் விரலை விட்டார். புகையிலைச் சக்கையை வழித்தெறிந்தார்.

"கீழ ரெண்டு பல்லு எங்க?"

"மொளைக்கவே இல்ல."

"மேல, உள்பக்கம் ஒண்ணு ஜாஸ்தி கீதே, அது தெரியுமா? உன் தாய்மாமன் எப்போ செத்தாரு?"

வேலம்மா சிரித்துவிட்டாள். "அம்மாசி மாமாவா? எம்பது வயசுல கட்டுமரம் தள்ளிக்கினு கீறாரு!"

துரைராஜ் நாக்கால் நெடுநேரம் துழாவினான். பிறகு முத்தம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டான். "வா வூட்டுக்கு. என் ஜாடை இது!" எதிர்க்கடைக்காரனிடம் அவள் உதட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போனான்.

பாஷா ஒன்பது தடவை கழுவினார். நாற்றம் போகவில்லை. அந்தக் கையால் மதியச் சோற்றைத் தொடவும் மாட்டேன் என்றார்.

"சரி, வாயைத் திறங்க," என்று அன்வரி பேகம் ஊட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.